மாப்பிள்ளை வீட்டார் முன்னே

என் மகள் கருவுற்றிருக்கும் செய்தியைக் கேட்டு நாங்கள் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் அவள் இரண்டாவது செய்தியையும் சொல்லிவிட்டாள். அவளும் மாப்பிள்ளையும் பெயர் கொடுத்திருந்த சைக்கிள் பயணத்துக்கு இனி போக முடியாது. ஜொகூர் பாருவில் தொடங்கி, மலேசியாவின் கிழக்குக் கரையோரமாகக் குவாந்தான் வரை நான்கு நாள் பயணம். டாக்டர் கூடாது என்றுவிட்டார். அவள் இல்லாமல் மாப்பிள்ளையும் போகமாட்டாராம்.

"ரெண்டு இடமும் வேஸ்ட்டாப் போகுதும்மா. ஃபேமிலில யாராச்சும் போனா பேர மாத்திக்கலாம்னு சொன்னாங்க" என்றாள்.

இதெல்லாம் நடந்தது சிங்கப்பூரில், தோ பாயோவில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். நான், என் கணவர், மகள், மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் அம்மா. அதாவது என் சம்பந்தியம்மா. கிளமெண்டியில் தனியாக இருக்கிறார், ஓய்வுபெற்ற தாதி. மகன் தொடக்கப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோதே கணவரை இழந்தவர். எங்கள் வீட்டில் அவர் தண்ணீர் கேட்பதுகூட அரசாங்க வீடு கேட்டு வீவகவுக்கு விண்ணப்பம் போடுவதுபோல் இருக்கும். கல்யாணம் முடிந்ததிலிருந்தே அப்படித்தான். சண்டை என்று எதுவும் இல்லை. சண்டை இருந்திருந்தால் பேசித் தீர்த்திருக்கலாம். இது வெறும் மரியாதை. மரியாதையை என்ன செய்து தீர்ப்பது?

அந்தச் சம்பந்தியம்மா, 'சட்னி போதும்' என்று சொல்லும் அதே குரலில், "நான் போறேன்" என்றார்.

"நானும்தான்" என்று என் வாய் சொன்னது. உடம்பின் மற்ற உறுப்புகளிடம் அது கலந்து பேசவே இல்லை. மாப்பிள்ளை வீட்டார் ஒரு படி மேலே போய்விடக்கூடாது என்று கல்யாணத்தில் தாம்பூலத் தட்டுகளைக் கூட்டி அடுக்கிய பழக்கம் அது. ரத்தத்தில் ஊறிப்போய்விட்டது.

என் கணவருக்குப் புரையேறியது. "நீ எம்.ஆர்.டி. ஸ்டேஷனுக்கே பஸ் பிடிச்சுப் போறவ."

"அதனாலதான் முட்டி இன்னும் புதுசா இருக்கு" என்றேன்.

எனக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. சம்பந்தியம்மா என்னைவிட ஒரு வயது மூத்தவர், ஓர் அடி உயரம் என்று சொல்லலாம். அவருக்கு மாப்பிள்ளையின் சைக்கிள், எனக்கு மகளின் சைக்கிள் என்று முடிவாயிற்று.

சைக்கிளைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூஜை போட வேண்டும் என்று என் கணவர் பிடிவாதம் பிடித்தார். சைக்கிள் பழசாக இருந்தாலும் ஓட்டுநர் புதுசு என்பது அவர் வாதம். ஆக ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சம்பந்தியம்மாவும் நானும் ஆளுக்கொரு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கோயில் வாசலில் நின்றோம். குருக்கள் கைப்பிடியில் மாலை போட்டார். எங்கே சந்தனம் வைப்பது என்று யோசித்து, கடைசியில் உட்காரும் இருக்கையிலேயே வைத்துவிட்டார். பிறகு சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழத்தை வைத்து, "ஏத்துங்கோ" என்றார்.

கார் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கும். பந்தயச் சைக்கிளின் டயர் என் கட்டை விரல் அகலம்தான். நான் ஏற்றியதும் பழம் புளுக்கென்று நழுவி, படியில் குதித்து, தரிசனம் முடித்து வந்துகொண்டிருந்த ஒரு பெரியவரின் காலடியில் போய் நின்றது. அவர் அதைப் பிரசாதம் என்று எடுத்துக் கண்ணில் ஒற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தார். அடுத்த பழமும் நழுவியது. குருக்கள் பொறுமையிழந்து, "கால் செருப்பால மிதிச்சிடுங்கோ, பகவான் ஏத்துப்பார்" என்றார்.

பக்கத்தில் ஏதோ சத்தம் கேட்டது. சம்பந்தியம்மா சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சிரிக்கத் தெரியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அடுத்தது உடை. மெத்தை வைத்துத் தைத்த இறுக்கமான கால்சட்டை இல்லாமல் நாள் முழுக்கச் சைக்கிளில் உட்கார முடியாது என்று மகள் எங்களை ஒரு கடைக்கு அனுப்பினாள். கடைக்காரர் எங்கள் வயதுச் சீனர். கால்சட்டையை விரித்துக் காட்டினார். எனக்கு அது குழந்தைகளின் டயபர்போலத்தான் தெரிந்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, உள்ளாடை எதுவும் போடாமல்தான் இதை அணிய வேண்டும், இல்லையென்றால் தோல் உரிந்துவிடும் என்று ஆங்கிலத்தில், மேல்கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

சம்பந்திமார் சேர்ந்து கேட்கக்கூடிய தகவலா இது? நான் தலைக்கவசங்களை ஆராயத் தொடங்கினேன். சம்பந்தியம்மா அசரவில்லை.

"எந்த இடத்துல உரியும்?" என்று கடைக்காரரிடம் கேட்டார், வார்டில் கேட்பதுபோல.

கடைக்காரர் காதுவரை சிவந்து, ஒரு களிம்புக் குழாயை எடுத்து மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"முப்பத்தஞ்சு வருஷம் பிரசவ வார்டுல இருந்தேன். இதுக்கெல்லாம் வெக்கப்பட்டா முடியுமா?" என்று என்னிடம் சொல்லிவிட்டு, எனக்கும் சேர்த்து இரண்டு குழாய் எடுத்தார்.

வாரத்தில் மூன்று நாள் பயிற்சி. காலாங் ஆற்றங்கரைப் பாதையில் சந்தித்து, கிழக்குக் கடற்கரைப் பூங்கா வழியாகச் சாங்கிவரை போய்த் திரும்புவோம். முதல் நாளே, "நீங்க முன்னாடி போங்க சம்பந்தியம்மா" என்றேன். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் போவதுதானே முறை? அன்று அதில் கள்ளம் இல்லை. இரண்டாவது வாரம் கைப்பேசியில் ஒரு காணொளி பார்த்தேன். முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போவார், பின்னால் ஒட்டிப் போகிறவருக்குப் பாடு குறைவு என்று அதில் ஒருவர் படம் போட்டு விளக்கினார். அன்றிலிருந்து என் மரியாதை பலமடங்கு கூடியது.

"ஐயோ, நீங்க இருக்கும்போது நான் எப்படி முன்னாடி போறது?" என்பேன்.

கடற்கரையில் எதிர்காற்று அடிக்க அடிக்க என் பணிவும் வளர்ந்தது. சம்பந்தியம்மா முன்னால் போவார். அவருடைய அகன்ற முதுகுக்குப் பின்னால், குளிரூட்டிய பேருந்தில் போவதுபோல நான் போவேன். பெண் வீட்டாருக்கு நம் சம்பிரதாயம் தந்த ஒரே சலுகை இது என்று நினைத்துக்கொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சி முடிந்ததும் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் தோசை சாப்பிட வேண்டும் என்பது சம்பந்தியம்மாவின் நிபந்தனை. பிரச்சினை, அந்தக் கால்சட்டை. கிழக்குக் கடற்கரையில் அதைப் போட்டுக்கொண்டு யாரும் போகலாம், எவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். சிராங்கூன் சாலையில், பூக்கடைகளுக்கு நடுவே, ஞாயிறு காலை, ஊரே திரண்டிருக்கும்போது அது நடக்காது. அதற்கு அவரே வழி கண்டுபிடித்தார். முதுகுப் பையில் ஆளுக்கொரு பூப்போட்ட பாத்திக் கைலி. சைக்கிளைப் பூட்டிவிட்டு, தலைக்கவசத்தோடு நடைபாதையில் நின்று கைலியைச் சுற்றிக்கொண்டு உணவகத்துக்குள் நுழைவோம். சைக்கிள் காலணியின் அடியில் இருக்கும் கொக்கி தரையில் பட்டு டக் டக் என்று ஒலிக்கும். குதிரைகள் இரண்டு தோசை தின்ன வந்ததுபோல் இருக்கும்.

ஒருநாள் அங்கே எங்கள் தூரத்துச் சொந்தக்காரப் பெண் ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டார். கல்யாணத்துக்கு வந்தவர்தான். வியர்வை, கைலி, தலைக்கவசம் எல்லாவற்றையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்னக்கா இது, வீட்ல தண்ணி வரலியா?" என்றார்.

சம்பந்தியம்மா தோசையை விண்டுகொண்டே, "வயசுல ஓடிப்போகல. அதான் இப்ப ரெண்டு பேரும் சேர்ந்து ஓடிப்போறோம். குவாந்தானுக்கு. சைக்கிள்ல" என்றார்.

வீடு போய்ச் சேர்வதற்குள் என் நாத்தனாரின் அழைப்பு வந்துவிட்டது. நாத்தனார் என் கணவரின் அக்கா. எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷத்துக்கும் சட்டதிட்டம் வகுப்பவர் அவர்தான். "ஊர்ல என்ன பேசுறாங்க தெரியுமா? பேரன் பேத்தி எடுக்கப்போற வயசுல ஜட்டியோட சுத்துறீங்களாமே" என்றார்.

"ஜட்டி இல்லைங்க அண்ணி. அது போடக்கூடாது" என்று உண்மையைச் சொன்னேன். அவர் அழைப்பைத் துண்டித்துவிட்டார்.

பயணத்துக்குச் சில வாரங்களே இருந்தபோது நீண்ட தூரம் ஓட்டிப் பார்க்க வடக்கே போனோம். மண்டாய் மேட்டில் நாக்குத் தள்ள ஏறி இறங்கி, உட்லண்ட்ஸ் பக்கமாக மார்சிலிங் வந்தோம். அதுவரை காலில் போட்டதோடு சரி, அன்றுதான் நான் முதல்முறையாகக் கொக்கிக் காலணியை மிதிகட்டையில் மாட்டிக்கொண்டு சாலையில் ஓட்டினேன். அதைக் கழற்றக் குதிகாலை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். நன்றாகத் தெரியும். சிவப்பு விளக்கில் நின்றேன். நின்ற பிறகுதான் கால் மாட்டியிருப்பது நினைவுக்கு வந்தது. குதிகாலை எந்தப் பக்கம் திருப்புவது என்று யோசித்து முடிப்பதற்குள், சைக்கிளோடு சேர்ந்து மெதுவாக, வெட்டிய வாழைமரம்போல இடப்பக்கம் சாய்ந்தேன். விழுந்த வேகத்தைவிட விழுந்த நிதானம்தான் அவமானம். பக்கத்தில் நின்ற பேருந்தில் இருந்தவர்கள் அனைவரும் பார்க்க நேரம் இருந்தது.

சம்பந்தியம்மா என்னைத் தூக்கிக்கொண்டு போய் அருகிலிருந்த அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், கல் மேசைக்கு முன்னால் உட்கார வைத்தார். பக்கத்து மேசையில் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்த பெரியவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆட்டத்துக்குத் திரும்பினார்கள். பையிலிருந்து பஞ்சும் மருந்தும் எடுத்து என் முட்டியைத் துடைத்தார். எரிந்தது. நான் கத்தினேன்.

"பிள்ளை பெக்கறவங்களே இவ்ளோ கத்தமாட்டாங்க" என்றார்.

பிறகு தலை நிமிராமலே, "ஒண்ணு சொல்லட்டா? அந்தக் காத்து விஷயம் எனக்கு ஆரம்பத்துலேயே தெரியும்" என்றார்.

எனக்கு முட்டியைவிட முகம் எரிந்தது. "எந்தக் காத்து?"

"நடிக்காதீங்க. மரியாதைன்னு சொல்லி முன்னாடி விட்டுட்டுப் பின்னாடி ஒளிஞ்சு வர்றீங்கல்ல, அது."

"தெரிஞ்சுமா போனீங்க?"

"நீங்க முன்னாடி போனா உங்க பிரேக்க நம்பி நான் வரணும். இப்ப விழுந்தீங்களே, அதுக்கு நான் பின்னாடி இருந்திருந்தா ரெண்டு பேரும் காலி." பஞ்சை மடித்துக் குப்பைப் பையில் போட்டார். "அதுவும் இல்லாம, முன்னாடி போறது எனக்குப் பிடிச்சிருந்தது. உங்க வீட்டுக் கல்யாணத்துல என்னைப் பின்னாடிதானே நிக்கச் சொன்னாங்க."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கேட்டேன். சொன்னார். தாலியைத் தட்டில் வைத்து எல்லோரிடமும் ஆசி வாங்கக் கொண்டுவந்தபோது, என் நாத்தனார் அவர் முழங்கையைப் பிடித்து நகர்த்தினாராம். 'நல்ல காரியம், நீங்க கொஞ்சம் பின்னாடி நில்லுங்க' என்றாராம். தட்டு அவரைத் தாண்டிப் போய்விட்டது. பெற்ற மகனின் கல்யாணம். நான் அந்த நேரம் மண்டபத்தின் மறுகோடியில் சமையல்காரரிடம் ரசத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"எப்பச் சொல்றது? என் மகன் கழுத்துல மாலை, உங்க மக கண்ணுல தண்ணி. அங்க நின்னு நான் சண்டை போடணுமா?" அவர் தன் இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்துப் பார்த்தார். "இந்த ஊர்ல எத்தனை பிள்ளைங்களை முதல்ல தொட்டது இந்தக் கைதான். அப்பல்லாம் யாரும் பின்னாடி நில்லுன்னு சொல்லல."

எனக்கு வந்த கோபத்தில் உடனே எழுந்து நாத்தனார் வீட்டுக்குப் போகப் பார்த்தேன். முட்டி மடங்கவில்லை. எழுந்து நிற்க முடியாதவரின் கோபத்துக்கு அவ்வளவு மதிப்பில்லை. திரும்ப உட்கார்ந்தேன். இரண்டு வருடமாக இவர் தலைக்கனம் பிடித்தவர் என்று நான் என் கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். "காபி வாங்கிட்டு வரட்டா?" என்றேன்.

"நடக்கவே முடியல, காபி வாங்கப் போறாங்களாம்" என்று அவரே போய் வாங்கி வந்தார். அன்று திரும்பும்போது ஆளுக்குக் கொஞ்ச தூரம் மாறி மாறி முன்னால் போனோம். காற்று எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. மோசமாக இருக்கும்.

பயணத்துக்கு முந்தைய வாரம் மகளுக்கு வளைகாப்பு. எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் பந்தல் போட்டு, நாற்காலி அடுக்கி, ஏழு வகைச் சாதம். என்ன செய்யப் போகிறேன் என்று என் கணவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அவர், "எனக்கு ஒண்ணும் தெரியாது, நான் பாயாசத்தைப் பாத்துக்கறேன்" என்றார். நாள் முழுக்கப் பாயாச அண்டாவைவிட்டு அவர் அசையவில்லை.

நாத்தனார் பட்டுச்சேலையில் முதல் வரிசைக்கு வந்து நின்றார். மகள் கையை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நான் சத்தமாக, "முதல் வளையல் சம்பந்தியம்மா போடுவாங்க" என்றேன்.

சம்பந்தியம்மா பின்வரிசையில் இருந்தார். அவரிடம் நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் வராமலே இருந்துவிடுவார் என்று பயம்.

நாத்தனார் என் காதருகே வந்தார். "ஏம்மா, யோசிச்சுத்தான் பேசுறியா? சுமங்கலிங்க இத்தனை பேர் நிக்கிறோம்."

"அண்ணி, நீங்க கொஞ்சம் பின்னாடி நில்லுங்க. போட்டோவுல மறைக்கிறீங்க" என்றேன்.

அது தானாக வாயில் வந்தது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உண்மையில் மார்சிலிங்கில் விழுந்த பிறகு வந்த பயிற்சிகளில், மண்டாய் மேட்டில் மூச்சுவாங்கிக்கொண்டு பல தடவை ஒத்திகை பார்த்திருந்தேன்.

சம்பந்தியம்மா நின்ற இடத்திலேயே நின்றார். என் மகள்தான் காப்பாற்றினாள். "அத்தை, சீக்கிரம் வாங்க லா, கை வலிக்குது" என்றாள்.

அவர் வந்தார். சந்தனம் தொட்டு வைத்தார். வளையலை எடுக்கக் கையை நீட்டியதும் முன்வரிசையில் ஒரு சலசலப்பு. விரல் நுனியில்லாத சைக்கிள் கையுறை போட்டு மாதக்கணக்கில் வெயிலில் ஓட்டியதில், அவருடைய விரல்கள் கறுத்தும் புறங்கை வெளுத்தும் இரண்டு ஆட்களின் கைகளை ஒட்டவைத்ததுபோல் இருந்தன.

"கையில என்ன நோவு?" என்றார் நாத்தனார், கடைசி முயற்சியாக.

"சைக்கிள் நோவு. எனக்கும் இருக்கு" என்று என் கைகளையும் நீட்டிக் காட்டினேன்.

சம்பந்தியம்மா மகளின் விரல்களைக் குவித்துப் பிடித்து, மணிக்கட்டை லேசாகத் திருப்பி, ஒரு வளையல்கூட உடையாமல் ஏற்றினார். அவர் கண் கலங்கியதா என்று கேட்டால் தெரியாது, என் கண்ணாடி மங்கலாக இருந்தது. நாத்தனார் புளிசாதமும் தயிர்சாதமும் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போனார். மறுநாள் காலை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வழக்கம்போல ரோஜாப்பூவோடு காலை வணக்கம் அனுப்பியிருந்தார். பதிலுக்கு நானும் ஒரு பூ அனுப்பினேன்.

பிறகு நாங்கள் குவாந்தானுக்குப் போனோம். வீரக்கதை எதுவும் இல்லை. முதல் நாள் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்கள், முடிவே இல்லாத செம்பனைத் தோட்டங்கள். மெர்சிங் போகும் வழியில் மழை கொட்டி, கால்சட்டையின் மெத்தை தண்ணீரைக் குடித்து ஊதிப்போனது. இரண்டாம் நாள் ஒரு மேட்டைப் பார்த்ததும் நான் இறங்கி, பின்னால் வந்த உதவி வேனில் ஏறிக்கொண்டேன். சம்பந்தியம்மா ஏறி முடித்து, மேலே நின்று எனக்காகக் காத்திருந்தார். வேன் கதவைத் திறந்துவிட்டு, "டிக்கெட் எடுத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். மூன்றாம் நாள் அவருக்கு வயிறு சரியில்லை, அவர் வேனில் வந்தார். நான் அதே கேள்வியைக் கேட்டேன்.

நான்காம் நாள் மதியம் குவாந்தானில் பயணம் முடியும் இடத்தில், பதக்கம் மாட்டிவிட்டுக்கொண்டிருந்தவர் முக்காடு போட்ட ஒரு மலாய்ப் பெண்மணி. ஒரே மாதிரி கறுத்துப்போய், ஒரே மாதிரி நொண்டிக்கொண்டு வந்த எங்களைப் பார்த்து, "அக்கா தங்கச்சியா?" என்று மலாயில் கேட்டார்.

"இல்லை" என்று நான் ஆங்கிலத்தில் விளக்க ஆரம்பித்தேன். என் மகள், இவர் மகன், அவர்களுக்குக் கல்யாணம், அதனால் இவர் எனக்கு... அதற்குமேல் ஆங்கிலத்தில் வார்த்தை இல்லை. சம்பந்தி என்று ஓர் உறவு இருப்பதே அந்த மொழிக்குத் தெரியாது. சம்பந்தியம்மா குறுக்கிட்டு, ஆஸ்பத்திரியில் கற்ற மலாயில் சுருக்கமாகச் சொன்னார்.

"ஓ, பெசான்!" என்றார் அந்தப் பெண்மணி. மலாயில் அதற்கு வார்த்தை இருக்கிறது. முகத்தில் அப்படி ஓர் ஆச்சரியம். உடனே பக்கத்திலிருந்தவர்களைக் கூப்பிட்டு எங்களைக் காட்டினார். பெசான் இரண்டு பேர் ஜொகூரிலிருந்து சேர்ந்தே சைக்கிளில் வந்திருக்கிறார்கள் என்று சொல்லியிருப்பார். தன் பெசானோடு பெருநாளுக்கு ஒரே சோபாவில் உட்கார்வதே பெரும்பாடு என்றார். வழியில் சண்டை வரவில்லையா என்றும் கேட்டார்.

"தினமும்" என்றார் சம்பந்தியம்மா.

அந்தப் பெண்மணி சிரித்துக்கொண்டே எங்கள் இருவருக்கும் தட்டு நிறைய மீன்கறியும் சோறும் போட்டுக் கொடுத்து, நிழலில் இருந்த நாற்காலிகளைக் காட்டினார். நாங்கள் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு, நின்றுகொண்டே சாப்பிட்டோம். உட்காரும் நிலைமையில் இருவருமே இல்லை.